டிரெட்மில்லில் ஓடினாலும் கண்முன்னே கெடா: ஓட்டப் பாதைக் காணொலி எடுப்பது எப்படி?

அலோர் ஸ்டார் – கெடாவில் வெயில் ஏறிவிட்டால் வெளியே நடப்பதற்கே பலர் தயங்குகின்றனர். கடும் வெப்பம் காரணமாக 2016 மார்ச்சில் கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் பள்ளிகளே மூடப்பட்டன. வெயில் போனால் மழை, சில வேளைகளில் புகைமூட்டம். இதனால் வீட்டிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ டிரெட்மில்லில் நடப்போர் பலர் உள்ளனர். ஆனால், சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பத்து நிமிடத்தில் சலிப்புத் தட்டிவிடும்.

இந்தச் சலிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைக் கடக்க உதவுவதுதான் ஓட்டப் பாதைக் காணொலி.

வேகம்தான் உயிர்

ஓடுபவரின் கண் பார்ப்பதைப் போலவே ஓர் அழகிய சாலையைத் தொடர்ந்து படம் பிடிப்பதே இந்தக் காணொலி. ஐஃபிட், கினோமேப் போன்ற செயலிகள் இதையே தொழிலாக நடத்துகின்றன. கினோமேப்பில் பயனீட்டாளர்களும் தாங்கள் எடுத்த காணொலிகளைப் பதிவேற்றலாம். இருப்பிடத் தரவும் உடன் பதிவாவதால், சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது செயலிக்குத் தெரியும். பொருத்தமான டிரெட்மில் என்றால், அதன் சாய்வும் அதற்கேற்ப மாறும்.

கணக்கு எளிது. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் 3 கிலோமீட்டர். அந்த 3 கிலோமீட்டரும் வெட்டு இல்லாமல், ஒரே சீரான வேகத்தில் பதிவாக வேண்டும். சைக்கிளில் 12 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்ததை நடைக்காகப் பாதி வேகத்தில் ஓடவிட்டால் சாலை சரியாகத் தெரியும். எதிரே வருபவர் மட்டும் தண்ணீருக்குள் நடப்பது போல் மெதுவாக நகர்வார். எனவே, பார்ப்பவர் நடக்கும் வேகத்திலேயே எடுப்பது நல்லது.

கேமரா கண் மட்டத்திலோ நெஞ்சு உயரத்திலோ இருக்க வேண்டும். குலுக்கலைத் தாங்கும் ஜிம்பல் அவசியம். வளைவுகளில் சட்டென்று திரும்பினால் பார்ப்பவருக்குத் தலைசுற்றும். கிழக்கு நோக்கிய சாலையை மாலையிலும், மேற்கு நோக்கிய சாலையைக் காலையிலும் எடுத்தால் சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கும். பாடலைச் சேர்த்தால் காப்புரிமைச் சிக்கல் வரலாம். பறவைச் சத்தமும் காலடி ஓசையுமே போதும்.

கெடாவில் எங்கே?

சமதரை வேண்டுவோருக்கு முடா நீர்ப்பாசனப் பகுதியின் கால்வாய்ச் சாலைகள் இருக்கின்றன. ஆண்டுக்கு இரு போகம் என்பதால், ஒரே சாலையை நீர் நிறைந்த வயல், பச்சைப் பயிர், முற்றிய கதிர் என மூன்று முறை எடுக்கலாம். 1885-இல் வெட்டத் தொடங்கிய வான் மாட் சமான் கால்வாயின் கரை, சுண்ணாம்புக் கல் மலையான குனோங் கெரியாங்கின் அடிவாரம் ஆகியவையும் ஏற்றவை. ஏற்றம் வேண்டுவோருக்கு 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராய் உண்டு.

தோட்டச் சாலைகள் தனியார் நிலம் என்பதால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வேலையில் இருப்பவர்களையும் லயன் வீடுகளையும் கேட்காமல் படம் பிடிக்கக்கூடாது. ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் முதலில் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். அலோர் ஸ்டார் விமான நிலையம் அருகில் இருப்பதை மறக்கக்கூடாது.

பார்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. திரையில் மூழ்கிவிட்டால் கால் தவறலாம். டிரெட்மில்லின் பாதுகாப்புக் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்வது அவசியம். நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம்.

இருக்கும்போதே எடுக்க வேண்டும்

வயல் அடுத்த போகத்தில் மீண்டும் பச்சையாகும். தோட்டம் அப்படியல்ல. தோட்டத் துண்டாடலின்போது வேலையும் வீடும் இழந்த தொழிலாளர்களுக்காக துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அப்படிக் கைகொடுக்க ஆளில்லாத தோட்டங்கள் பல கைமாறின. பால்மரம் செம்பனையானது, செம்பனை வீடமைப்புப் பகுதியானது.

பெரட்டுக் களம், கோயில், தமிழ்ப்பள்ளி, ஸ்டோர் என்று ஒரு செம்மண் சாலையை அரை மணி நேரம் நிதானமாக எடுத்து வைத்தால், அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பாட்டி தாம் நடந்த வழியிலேயே மறுபடி நடக்கலாம். பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருந்தால், எந்த மரத்தடியில் என்ன நடந்தது என்ற கதையும் கிடைக்கும்.

அதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசி, ஒரு ஜிம்பல், நிர்வாகத்தின் அனுமதி, விடியற்காலையில் எழும் பழக்கம் ஆகியவை போதும்.