விதிப் புத்தகமும் ஒரு பசைப் புட்டியும்

ரயில்வேயில் 36 ஆண்டுகள் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால், "அவரா? ரூல் புக் பைத்தியமாச்சே!" என்பார்கள். அப்படிப்பட்ட நானே அரைகுறையான விதிகளை மூன்று குழந்தைகள் கையில் கொடுத்து, அவர்களுடைய மூன்று மாத உழைப்பை வீணாக்கினேன் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அந்த அனுபவம் நம்மவர் வேறு எந்த வீட்டிலும் ஏற்படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பேரன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். அவனும் நம் சங்கக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து, இங்கே நாக்பூரில் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு ரோபோ போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். போட்டியின் விதிகளைக் கணிப்பொறியில் இறக்கி, கடையில் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் செய்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தவன் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு!

ரோபோ தூக்கி வரும் கட்டைகளைச் 'சதுரத்தில் வைக்க வேண்டும்' என்று அதில் இருந்தது. சதுரத்தில் கொஞ்சம் பட்டால் போதும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஐந்து வாரம் கழித்து, கட்டை முழுவதும் கோட்டுக்குள் இருந்தால்தான் மதிப்பெண் என்று அமைப்பாளர்கள் ஒரு விளக்கம் வெளியிட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. போட்டியன்று நான்கு கட்டைகளும் அரை விரற்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. நான்குக்கும் பூஜ்யம். நடுவர் கோபப்படாமல் அந்த விளக்கத் தாளை எடுத்துக் காட்டினார். தேதியும் போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் பேரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "தாத்தா, நீங்க குடுத்த புக்ல அது இல்லையே?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரயில்வேயில் 'ஜெனரல் ரூல்ஸ், 1976' என்று ஒரு புத்தகம் உண்டு. அதன் இரண்டாம் அத்தியாயம் ஊழியரின் கடமைகளைப் பற்றியது. புத்தகத்தைப் பெற்றவர் பணி நேரத்தில் அதைத் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். வருகிற திருத்தங்களை எல்லாம் அதில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். மேலதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். தமக்குக் கீழே உள்ளவர்களுக்கும் திருத்தங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். 'கரெக்‌ஷன் ஸ்லிப்' வந்த அன்றே கத்தரித்து உரிய பக்கத்தில் ஒட்டுவது என் வழக்கம். மேஜையில் பசைப் புட்டி எப்போதும் இருக்கும். ஒட்டி ஒட்டி என் புத்தகம் பூரி மாதிரி உப்பிக் கிடக்கும். அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் உண்டு: புத்தகமோ மொழிபெயர்ப்போ கொடுக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், தம் வேலைக்கான விதிகளை ஊழியர் அறிந்திருக்க வேண்டும். போட்டி மைதானத்திலும் இதே கதைதான். "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றால் நடுவர் என்ன செய்வார்?

ஒன்றல்ல, நான்கு

நம் பிள்ளைகள் பலர் கலந்துகொள்ளும் 'வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட்' என்ற போட்டியை எடுத்துக்கொள்வோம். 2004-இல் சிங்கப்பூரில் முதல் முறையாக நடந்தது. 2016-இல் இதன் உலக இறுதிப் போட்டி புது தில்லியிலேயே நடந்தது. ஓர் அணியில் இரண்டு அல்லது மூன்று மாணவர்கள், ஒரு பயிற்சியாளர். இதன் 'ரோபோமிஷன்' பிரிவில் ரோபோ ஒரு மேஜை மேல் விரித்த படத்தில் இரண்டு நிமிடங்களுக்குள், யாரும் தொடாமல், தானாகவே வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும்.

இதற்கு 'விதிப் புத்தகம்' என்று நாம் சொல்வது உண்மையில் நான்கு தனித்தனி விஷயங்கள். முதலாவது, பொது விதிகள்: வயது, அணி, ரோபோவின் அளவு, நடுவர் அதிகாரம் போன்றவை. இரண்டாவது, அந்த ஆண்டின் விளையாட்டு விதிகள். வயதுப் பிரிவுக்கு ஒன்றாக ஆண்டுதோறும் புதிதாக வரும். மூன்றாவது, கேள்வி–பதில். அணிகள் கேட்கும் சந்தேகங்களுக்கு அமைப்பு வெளியிடும் பதில்கள் விதிகளோடு சேர்ந்தவையாகவே கருதப்படும். நம் ரயில்வேயின் கரெக்‌ஷன் ஸ்லிப்பேதான்! நான்காவது, நம் நாட்டு அமைப்பாளரின் அறிவிப்பு. உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப விதிகளை மாற்றிக்கொள்ளும் உரிமை அந்தந்த நாட்டு அமைப்பாளருக்கு உண்டு. இந்த நான்கில் முதல் இரண்டை மட்டும் பைண்டிங் செய்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் நான் செய்த பிழை.

பழைய புத்தகம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். இந்தப் போட்டியில் நடுப் பிரிவுக்கு முன்பு 13 முதல் 15 வயது என்று இருந்தது. 2022-இல் அது 11 முதல் 15 என்று மாறியது. பழைய பிரதியை வைத்திருப்பவர் 12 வயதுப் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு இடமில்லை, போ" என்று சொல்லிவிடுவார். குழந்தையும் நம்பிவிடும்.

எங்கே வாங்குவது?

வாங்கவே வேண்டாம். இலவசம்! போட்டி நடத்தும் அமைப்பின் சொந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பயிற்சி நிலையம் ஒன்று இதே பக்கங்களை அச்சடித்துக் கொடுத்து 'ஸ்டடி மெட்டீரியல்' என்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறது. அந்தத் தந்தை ஷிப்டு வேலை பார்ப்பவர். விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டார்.

ரோபோ செட்டின் விலை நமக்குத் தெரியும். பெரிய பள்ளிக்கூடங்களில் அலமாரி நிறைய இருக்கும். நம்மில் பலர் மூன்று வீட்டுக்கு ஒன்று என்று பங்கு போட்டு வாங்குகிறோம். மோட்டாரில் சமமில்லை, சென்சாரில் சமமில்லை. பணக்காரப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் சரிசமமாகக் கிடைப்பது விதிப் புத்தகம் ஒன்றுதான். அதையும் பழசாகக் கொடுத்தால் நாம் செய்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

'ஃபர்ஸ்ட்' என்ற அமெரிக்க அமைப்பு இந்தச் சமத்துவத்தை எவ்வளவு தூரம் மதித்தது பாருங்கள். டீன் கேமன் என்பவர் 1989-இல் தொடங்கியது அது. அதன் உயர்நிலைப் பள்ளிப் போட்டிக்கான விதிப் புத்தகத்தைப் பூட்டிய கோப்பாக முன்கூட்டியே அனுப்பிவிட்டு, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விளையாட்டை அறிவிக்கும்போது அதைத் திறக்கும் சொல்லையும் அறிவிப்பது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. எந்த ஊர்ப் பிள்ளையும் மற்றவனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் படித்துவிட முடியாது.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஏபியு ரோபோகான்' உண்டு. ஆசிய–பசிபிக் ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2002 முதல் நடத்துகிறது. போட்டியை நடத்தும் நாடே அந்த ஆண்டின் விளையாட்டையும் விதிகளையும் வகுக்கும். 2008-இல் புணேயில் நடந்தபோது தலைப்பு 'கோவிந்தா'. கண்ணன் வெண்ணெய் திருடும் விளையாட்டு, நம் உறியடிக்கு அண்ணன் தம்பி. 2022-இல் தில்லியில் 'லகோரி'. கல்லை அடுக்கிப் பந்தால் அடிக்கிறோமே, அந்த ஏழு கல் விளையாட்டு. "இது எனக்குத் தெரிந்த ஆட்டமாச்சே" என்று விதியைப் படிக்காமல் இறங்கினால் ஆபத்து. தெருவில் ஏழு கல். அந்த விதிப் புத்தகத்தில் ஐந்துதான்!

எப்படிப் படிப்பது?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். இந்தப் போட்டியில் கறியே ஏட்டுச் சுரைக்காய்தான். முதலில் பக்கத்தின் மேலோ கீழோ இருக்கும் ஆண்டையும் தேதியையும் பாருங்கள். அடுத்து, சொற்களுக்கு விளக்கம் கொடுத்திருக்கும் பகுதியைப் படியுங்கள். 'உள்ளே', 'தொடுதல்', 'நிற்றல்' போன்ற சாதாரணச் சொற்களில்தான் மதிப்பெண் போகும். எங்களுக்குப் போனதும் அப்படித்தானே?

பிறகு எண்கள். ஒலிம்பியாடில் புறப்படும்போது ரோபோ 250 மி.மீ. நீளம், அகலம், உயரத்துக்குள் அடங்க வேண்டும்; ஒயர்களும் இந்தக் கணக்கில் சேரும். புறப்பட்ட பிறகு கையை நீட்டிக்கொள்ளலாம். இதை எண்ணாக மனப்பாடம் செய்ய வைக்காமல், உள்ளளவு 250 மி.மீ. இருக்கும்படி ஓர் அட்டைப் பெட்டி செய்து கொடுத்தேன். கூட்ஸ் வண்டிச் சரக்கு அளவு மீறாமல் இருக்கிறதா என்று பார்க்க 'லோடிங் கேஜ்' வைத்திருப்பார்களே, அதே வித்தை. பெட்டிக்குள் போனால் பாஸ். விளையாட்டுப் படம் 2362 மி.மீ.க்கு 1143 மி.மீ.; ஊர் பிளெக்ஸ் கடைக்காரர் 'கொஞ்சம் அட்ஜஸ்ட்' செய்து அடித்துக் கொடுத்தால், வீட்டில் சரியாக ஓடும் ரோபோ மைதானத்தில் தடுமாறும். டேப் பிடித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எந்தப் புத்தகத்திலும் தேட முடியாது. ஒலிம்பியாடில் போட்டி நாளன்று திடீரென்று ஒரு புது விதி அறிவிப்பார்கள். மற்ற விதிகளைக் கரைத்துக் குடித்த பிள்ளைதான் அதற்கு ஈடுகொடுக்கும்.

எப்படிப் பகிர்வது?

வாட்ஸப் குழுவில் கோப்பை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அது சுற்றிச் சுற்றி மூன்று ஆண்டுகள் கழித்தும் யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். ஆகவே கோப்பை அனுப்பாதீர்கள். அது இருக்கும் இணைய முகவரியை அனுப்புங்கள். போகிறவருக்கு அன்றைய பிரதி கிடைக்கும். அச்செடுத்துத்தான் தர வேண்டும் என்றால் முதல் பக்கத்தில் 'இந்தத் தேதியில் எடுத்தது' என்று எழுதி, யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தம் வந்தால் அவர்களைத் தேடிப் போக வேண்டும் அல்லவா?

பக்கங்களைக் குறைக்காதீர்கள், மாற்றாதீர்கள், விற்காதீர்கள். அது அமைப்பின் சொத்து. தமிழில் விளக்குவதில் தவறே இல்லை. நான் கேங்மேன்களுக்கு ஆங்கில விதிகளை இந்தியில் சொல்லித்தான் காலம் தள்ளினேன். ஆனால் தமிழ்க் குறிப்பின் ஓரத்தில் மூல விதியின் எண்ணை எழுதிவிடுங்கள். மொழிபெயர்ப்பும் மூலமும் வேறுபட்டால் ஆங்கில மூலமே செல்லும் என்று ஃபர்ஸ்ட் தன் விதிகளிலேயே சொல்கிறது. சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டு அங்கிளையோ என்னையோ கேட்காமல், அமைப்பாளருக்கே எழுதிக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு காலை டிபன் முடிந்ததும், பேரனும் அவன் அணியினரும் தளத்தைத் திறந்து புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வந்திருந்தால் அச்செடுத்து, கத்தரித்து, ஒட்டுகிறார்கள். அடுத்த போட்டியில் பரிசு கிடைக்குமா, தெரியாது. ஆனால் "உங்க புக்ல இல்லையே" என்று என்னைக் கேட்க முடியாது. புத்தகம் இப்போது அவர்கள் பொறுப்பு. என் பசைப் புட்டியையும் கொடுத்துவிட்டேன்.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் அச்செடுத்துக் கொடுத்த ஸ்பைரல் புத்தகங்கள் மூன்றுதான். ஆனால் அவற்றிலிருந்து நகல் எடுத்தவர்கள் சிலர் உண்டு என்று கேள்விப்பட்டேன். அந்த நகல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். திருத்தத்தை என் கையாலேயே ஒட்டித் தருகிறேன்.