தேனீக்கு ஆகாத பூக்கள்



பூ என்றாலே தேனீக்குச் சாப்பாடு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் மாட்டுக்கு ஆகாத புல் இருக்கிற மாதிரி, தேனீக்கு ஆகாத பூவும் உண்டு. லயத்துப் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களும், இனி வைக்க யோசிப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எனது ஊரான கொடிகாமத்தில் தென்னையும் பனையும் தேனீக்குத் தாராளமாகச் சாப்பாடு போடும். மலைநாட்டில் நிலைமை வேறு.

தேயிலைப் பூ

முதலாவது நம்ம தேயிலையேதான். ஒழுங்காகக் கொழுந்து பறிக்கிற மலையில் பூ அதிகம் வராது. பறிக்காமல், கவ்வாத்து வெட்டாமல் காடாகிப்போன தேயிலையில்தான் வெள்ளைப் பூ நிறையப் பூக்கும். பறந்து திரிகிற தேனீக்கு அதனால் பெரிய பாதிப்பு தெரியாது. ஆனால் அந்தத் தேனைக் குடிக்கிற புழுக்கள் கூட்டுக்குள்ளேயே அழுகிச் செத்துப்போகும். புழு செத்தால் புதுத் தேனீ ஏது? பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக வெறுமையாகும்.

சீனாவில் தேனீ வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. இந்திய ஆய்வாளர்களும் 1986இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தேயிலை இனத்துப் பூந்தேனில் கலக்டோசு கலந்த சீனி இருக்கிறது, அது புழுவுக்குச் செரிக்காது என்று காரணம் சொல்கிறார்கள். நாம் குடிக்கிற தேத்தண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

ஆபிரிக்க டியூலிப் மரம்

உச்சியில் நெருப்புப் பிடித்த மாதிரி செம்மஞ்சள் பூப் பூக்கும் பெரிய மரம். இதன் மொட்டைப் பிதுக்கித் தண்ணீர் பீச்சித்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள். அழகுக்காகக் கொண்டுவந்த மரம், இப்போது தானாகவே பரவுகிறது. பூவுக்குள் பார்த்தால் சின்னத் தேனீக்கள் செத்துக் கிடக்கும். கொட்டாத தேனீக்குத்தான் கூடுதல் ஆபத்து. பிரேசில் நாட்டின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் இந்த மரத்தை நடுவதையே 2019இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

என்ன செய்யலாம்?

1. பெட்டி வைக்க முன்னம் சுற்றிலும் என்ன பூக்கிறது என்று பாருங்கள். காடாகிப்போன தேயிலைக்குக் கிட்ட வைக்க வேண்டாம்.

2. தேயிலை பூக்கும் காலத்தில் சீனிப்பாகு வையுங்கள். கெட்ட தேனின் அளவு குறையும். சீனாவிலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

3. பெட்டி வாசலில் தேனீக்கள் கும்பலாகச் செத்துக் கிடந்தால், கிட்டடியில் மருந்து அடித்தார்களா என்று விசாரியுங்கள். உள்ளே புழு மட்டும் செத்திருந்தால் பூவாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். அடையைத் தூக்கி வீச முன்னம் விவசாய உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

4. புதிதாக மரம் நடுவதென்றால் டியூலிப்பை விட்டுவிட்டு முருங்கை, கொய்யா நடுங்கள். தேனீக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும்.

சம்பளத்துக்கு மேலே நாலு காசு வரட்டும் என்றுதான் பெட்டி வைக்கிறோம். பூவைப் பார்க்காமல் வைத்தால் அந்தக் காசும் போய்விடும்.