உப்பளத்தில் திரவமானி

நம் ஆய்வுக்கூட அலமாரியில் திரவமானியைக் காணாத விஞ்ஞான மாணவர் இரார். அடியில் ஈயக் குண்டு, நடுவே காற்றடைத்த குமிழ், மேலே அளவுக் கோடுகள் கொண்ட மெல்லிய தண்டு, இவ்வளவே கருவி. தேர்வு முடிந்ததும் நாம் அதை மறந்துவிடுகிறோம். தூத்துக்குடி உப்பளங்களிலோ, அது காட்டும் எண்ணைக் கொண்டே எந்நீரைப் பாத்தியில் விடுவது, எதை வெளியேற்றுவது என்று முடிவு செய்கின்றனர்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும். ஆதலின் நல்ல நீரில் ஆழ்ந்து மூழ்கும் திரவமானி, உப்புநீரில் எழும்பி நிற்கும். 1768-ஆம் ஆண்டு அந்துவான் போமே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஓர் அளவை வகுத்தார். தூய நீரில் கருவி நிற்குமிடம் 0. எடையில் நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் நிற்குமிடம் 15. இடைப்பட்ட தூரத்தைச் சமமாகப் பிரித்தார். ஒப்படர்த்தி குறித்த தண்டில் கோடுகள் கீழே போகப் போக நெருங்கும். போமே தண்டில் அத்தொல்லை இல்லை. ஒப்படர்த்தி வேண்டுவோர், 145-லிருந்து போமே எண்ணைக் கழித்து, வந்த எண்ணால் 145-ஐ வகுத்துக்கொள்ளலாம்.

கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி காட்டும். பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிட, முதலில் சுண்ணமும் ஜிப்சமும் பிரிந்து படியும். 25 டிகிரியை ஒட்டியே சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரி ஆனதும் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் மக்னீசிய உப்புகள் கலந்து, விளைந்த உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். நல்ல உப்பு விளையும் எல்லை இவ்வளவே: ஒப்படர்த்தி 1.21 முதல் 1.26 வரை. ஒரு டிகிரி பிழையும் இங்கே சிறிதன்று.

பிழை எங்கே நுழைகிறது? தண்டில் எண்ணெய்ப் பசையோ, குமிழில் காற்றுக் குமிழிகளோ ஒட்டியிருக்கலாம். கருவி ஜாடியின் சுவரில் உராயலாம். இவை துடைத்தும் மெல்லச் சுழற்றிவிட்டும் தீர்க்கக்கூடியவை. தண்டை ஒட்டி நீர் சற்று மேலேறி வளைந்திருக்கும். தெளிந்த நீரில் அவ்வளைவின் உச்சியைப் படித்தல் தவறு. கண்ணை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து மெல்ல உயர்த்தினால், நீள்வட்டமாகத் தெரியும் நீர்ப்பரப்பு ஒரு கோடாகச் சுருங்கும். அக்கோடு தண்டை வெட்டுமிடமே அளவு.

எல்லாவற்றினும் பெரிய பிழை வெப்பத்தால் வருவது; நம் செய்முறை ஏடுகளில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுவதும் இதுவே! மேற்சொன்ன 145 கணக்கு 60 பாரன்ஹீட், அதாவது 15.6 சென்டிகிரேடு வெப்பநிலைக்கு உரியது. செறிந்த உப்புநீர் 10 சென்டிகிரேடு சூடேறினால் போமே அளவு ஏறக்குறைய அரை டிகிரி குறையும். நண்பகல் வெயிலில் 40 சென்டிகிரேடு வரை காய்ந்த பாத்தி நீர், கரைந்த உப்பில் மாற்றமின்றியே, ஒரு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும். திருத்தாமல் படிப்பவர் 29 என்று எண்ணிக் காத்திருக்கும்போது நீர் 30-ஐத் தாண்டியிருக்கும்; கசப்பும் சேர்ந்திருக்கும்.