விரைந்து முடித்தலும் விரிந்து கற்றலும்

பட்டப்படிப்புக்கு இத்தனை ஆண்டு என்று பல்கலைக்கழகங்கள் வரையறை செய்திருக்கின்றன. அவ்வரையறையின்படி நடப்பதே மாணவர் கடன் என்று நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். ஆயின், ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுக் கணக்கினும் பாட அலகுக் கணக்கே பெரிதாகக் கொள்ளப்படுகின்றது. இதனால் அங்குக் கற்கும் திறமை மிக்க மாணவர் ஒரு தெரிவை எதிர்நோக்குகின்றனர். குறித்த காலத்துக்கு முன்னரே பட்டம் பெற்று வெளியேறுவதா? அன்றி, முழுக்காலமும் தங்கித் தவணைதோறும் பாடச்சுமையைக் குறைத்துக் கற்பதா? நம் நாட்டிலிருந்து அங்குக் கற்கச் செல்வோர் பலராதலின், இவ்வினாவை ஆராய்தல் பயனுடையதாகும்.

முதலிற் கணக்கை நோக்குவோம். அந்நாட்டிற் பட்டம் பெறுதற்குப் பொதுவாக 120 அலகுகள் வேண்டும். வாரந்தோறும் ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தன்முயற்சியும் ஒரு தவணை முழுவதும் நடைபெறின், அஃது ஓர் அலகு எனப்படும். ஆண்டுக்கு இரு தவணையாக நான்காண்டில் எட்டுத் தவணைகள். தவணைக்கு 15 அலகுகள். ஆகவே வாரத்துக்கு 45 மணி நேர உழைப்பு. பாடச்சுமை என்பது வெறும் உவமையன்று என்பது இதனாற் புலனாகும்.

இக்கணக்கைச் சுருக்க வழிகளும் உள. உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பயின்று தனிப் பரீட்சை எழுதும் முறையொன்று 1956ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெறுகின்றது. அதில் நற்சித்தி பெற்றோருக்கும், பிரித்தானிய உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்தோருக்கும் பல பல்கலைக்கழகங்கள் முன்கூட்டியே அலகுகளை வழங்குகின்றன. ஒருவர் இவ்வாறு 30 அலகுகளுடன் நுழைகின்றார் எனக் கொள்வோம். எஞ்சியவை 90. தவணைக்கு 15 வீதம் பயின்றால் ஆறு தவணைகளில், அதாவது மூன்றாண்டில், பட்டம் கைகூடும். எட்டுத் தவணைகளுக்கும் பங்கிட்டாலோ தவணைக்குப் பதினொன்றளவே வரும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. முழுநேர மாணவர் எனக் கொள்ளப்படுதற்குத் தவணைக்குக் குறைந்தது 12 அலகுகள் வேண்டும். மாணவர் அனுமதி பெற்றுச் சென்ற பிறநாட்டார், இறுதித் தவணை முதலான சில விலக்குகள் ஒழிய, இவ்வெல்லைக்குக் கீழே இறங்குதல் ஆகாது. இறங்கின் அனுமதியையே இழக்க நேரிடும். ஆகவே எட்டுத் தவணையும் தங்க விரும்புவோர் 96 அலகுகளேனும் பயில வேண்டியவராவர். மேலதிகமான ஆறும் ஏறக்குறைய இரண்டு பாடங்களாகும். அவற்றைப் பட்டத்துக்காகவன்றி விருப்பத்துக்காகவே கற்கலாம். ஒரு பௌதிகவியல் மாணவர் இசையையோ வரலாற்றையோ கற்பதற்கு வாய்ப்பு இங்கே தோன்றுகின்றது.

இனிப் பொருட்செலவை நோக்குதல் வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் 12 அலகு தொடக்கம் 18 அலகு வரை ஒரே கட்டணமே அறவிடப்படுகின்றது. பாடத்தைக் குறைப்பதனாற் பணம் குறைவதில்லை; தவணையைக் குறைத்தாலன்றிச் செலவு குறையாது. காணியை ஈடு வைத்து மகளை அனுப்பிய தந்தைக்கு இரு தவணைக் கட்டணமும் உணவு உறையுட் செலவும் சிறு தொகையல்ல. அக்குடும்பத்துப் பிள்ளை விரைந்து முடிக்க எண்ணுவதைக் கல்வியார்வக் குறைவென்று பழித்தல் அறமாகாது.

எனினும், கணக்கில் அடங்காதனவும் சில உள. ஒரு பாடத்தை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்கலாம் என்னும் ஒழுங்கு அறிவியற்றுறைகளிற் பெரிதும் உண்டு. அலகுகள் நிறைந்தாலும் அவ்வொழுங்கு நிறையாவிடின் விரைதல் இயலாது. மேலும், அங்கே பட்டமேற்படிப்புக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் முந்திய ஆண்டின் மார்கழி மாதமளவிலேயே அனுப்பப்படுகின்றன. மூன்றாண்டில் முடிப்பவர் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் நற்சான்று கேட்டல் வேண்டும். இரண்டே ஆண்டு பழகிய ஆசிரியர், ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் எழுதியிராத மாணவரைப் பற்றி யாது எழுதுவார்?

இவ்விவாதம் புதியதன்று. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1869 முதல் 1909 வரை தலைவராயிருந்த சாள்ஸ் எலியற், மாணவர் தாமே பாடங்களைத் தெரியும் முறையைப் பரப்பியவர். மூன்றாண்டிற் பட்டம் பெறுதலையும் ஆதரித்தவர். அவர்பின் வந்த லோவெல், கூடி வாழ்தலும் கல்வியின் பகுதியே எனக் கருதி, மாணவர் நான்காண்டும் தங்குதலை விரும்பினார். எலியற் காலத்தில் அங்குப் பயின்ற பிராங்கிளின் ரூஸ்வெல்ற், பள்ளியிலேயே பெற்ற முன்தகுதியின் துணையால் 1900இல் நுழைந்து 1903இற் பட்டத் தேவைகளை நிறைவு செய்தார். ஆயினும் அவர் வெளியேறினாரல்லர். நான்காம் ஆண்டும் தங்கி, மாணவர் நாளிதழின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தினார். செல்வக் குடியிற் பிறந்த அவருக்கு அஃது எளிதாயிற்று என்பது உண்மையே. ஆனால், அவர் வெறுமனே தங்கவில்லை. குறித்த ஒரு பணிக்காகத் தங்கினார் என்பதே நாம் கருதத்தக்கது.

நம் நாட்டிலும் இதனையொத்த தெரிவு உண்டு. மூன்றாண்டுப் பொதுப்பட்டத்துக்கு 90 அலகுகளும் நான்காண்டுச் சிறப்புப்பட்டத்துக்கு 120 அலகுகளும் இன்று வகுக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆக விரும்புவோருக்குச் சிறப்புப்பட்டம் பெரிதும் இன்றியமையாதது. விரைவில் உழைத்துத் தம்பி தங்கையரைத் தாங்க வேண்டியவருக்கோ அந்த ஓராண்டு நெடிது.

ஆகவே, விரைதல் நன்றா, தங்குதல் நன்றா என்று பொதுவாகத் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. கிடைத்த காலத்தை யாது செய்யப்போகின்றோம் என்பதற்கு விடை வேண்டும். ஆய்வுகூடம், நூல்நிலையம், ஆசிரியர் என்னும் இவற்றால் மட்டுமே முடியும் ஒரு பணி இருக்குமாயின் தங்குக. வெளியே ஒரு கடமை காத்திருக்குமாயின் முடித்துச் செல்க. இரண்டும் இன்றி, சுமை குறைந்தது என்று மகிழ்ந்து தங்குவோர் பிறர் பொருளிலே ஓய்வு கொள்கின்றனர். அவ்வாறே, முந்தினோம் என்னும் பெருமைக்காக மட்டும் ஓடுவோர், மீண்டும் எளிதிற் பெறலாகாத ஓராண்டை இழக்கின்றனர். முடிவு செய்யுமுன் பெற்றோருடன் செலவையும், ஆசிரியருடன் பாட ஒழுங்கையும் வெளிப்படையாகப் பேசுதல் மாணவர்க்கு நலம் பயக்கும்.