இரண்டாவது நோட்டீஸுக்கும் ஐந்தாண்டா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கலால் என்றதும் சாராயக்கடைதான் நினைவுக்கு வரும். அது புதுச்சேரி அரசின் கலால். இங்கே பேசுவது, தொழிற்சாலை உற்பத்தி மீது மத்திய அரசு விதிக்கும் கலால் வரி. கிருமாம்பாக்கத்தில் உள்ள ஒரு சிறு ஆலைக்கு, வரி குறைத்துக் கட்டியதாக நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வழக்கு முடியுமுன்பே, அதே பொருளுக்கு அதே காரணம் காட்டி, ஐந்தாண்டு பாக்கி கேட்டு மற்றொரு நோட்டீஸ் வந்தால் அது செல்லுமா? பெரும்பாலும் செல்லாது. 1944ஆம் ஆண்டு மத்திய கலால் சட்டத்தின் 11ஏ பிரிவு, விடுபட்ட வரியைக் கேட்கக் கெடு வைத்திருக்கிறது. முன்பு ஆறு மாதம், 2000 முதல் ஓராண்டு, 2016 முதல் இரண்டாண்டு. மோசடி செய்வது, வரி ஏய்க்கும் நோக்கில் வேண்டுமென்றே உண்மையை மறைப்பது போன்றவற்றுக்கு மட்டுமே அது ஐந்தாண்டாக நீளும். முதல் நோட்டீஸ் அனுப்பியபோதே விவரம் முழுவதும் துறையின் கையில் இருந்தது. தெரிந்த விவரத்தையே பிறகு 'மறைத்தார்' என்று எப்படிச் சொல்வது? நிஜாம் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இதைத்தான் தீர்மானித்தது.

இதனால் ஏய்ப்பவர் தப்பிவிடுவாரே என்று கேட்கலாம். தப்ப மாட்டார். சாதாரணக் கெடுவுக்குள் அடங்கும் வரியைத் துறை தாராளமாகக் கேட்கலாம். முன்பு வெளிவராத புது விவரம் சிக்கினால் ஐந்தாண்டும் திறந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் முழு நோட்டீஸ் எழுதுவது வீண் வேலை என்ற வாதமும் இப்போது நிற்காது. காரணம் அதேயானால் பாக்கி விவர அறிக்கை ஒன்றே நோட்டீஸாகக் கொள்ளப்படும் என 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. எனவே, காலம் கடந்தால் அது துறையின் தாமதமே.

2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்கள் ஜிஎஸ்டிக்குப் போய்விட்டன. 2024-25 முதலான கணக்குகளுக்கு, ஜிஎஸ்டி சட்டத்தின் 74ஏ பிரிவின்படி, மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் நோட்டீஸுக்குக் கெடு 42 மாதம்தான். ஆனால் அபராதம் மாறும்: மறைக்காதவருக்கு வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், இதில் எது அதிகமோ அது, மறைத்தவருக்கு வரிக்குச் சமமான தொகை. ஆகவே முதல் நோட்டீஸையும் அதற்குத் தந்த பதிலையும் ஒப்புகைச் சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். துறைக்கு எது, எப்போது தெரியும் என்பதற்கு அவையே சாட்சி.