ரிவால்வரோடு வீட்டுக்கு வரும் ஈயம்

மாணவர்களே, அமெரிக்காவில் தற்காப்புக்காகச் சிறிய ரிவால்வர் வைத்திருப்போர் பலர். கை பழகுவதற்காகச் சுடுதளம் செல்வார்கள். பிறகு அதைத் துடைத்து எண்ணெய் இடுவார்கள். குடும்பத்தைக் காக்க வாங்கிய அந்தக் கருவியோடு ஒரு நஞ்சும் வீட்டுக்கு வரலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அந்த நஞ்சு ஈயம். பல தோட்டாக்களின் முனை ஈயத்தால் ஆனது. தோட்டாவின் அடியில் தட்டியதும் தீப்பற்றும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். எரியும் வெடிமருந்தின் வெப்பமோ அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே, சுடும்போது ஈயம் புகையாகவும் நுண்தூளாகவும் பறக்கிறது. ரிவால்வரில் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருப்பதால், புகை பக்கவாட்டிலும் சீறும்.

இந்தத் தூள் கையிலும் சட்டையிலும் துடைத்த துணியிலும் படியும். ஈய அயனியும் கால்சிய அயனியும் இரண்டு நேர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் உடல் ஏமாந்து, ஈயத்தை எலும்பில் சேர்த்துவிடும். அது பல ஆண்டுகள் அங்கேயே தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை இது பாதிக்கும். இவ்வளவு ஈயம் பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

தடுக்கும் வழிகள் எளியவை: நல்ல காற்றோட்டமுள்ள சுடுதளம், ஈயமற்ற தோட்டா, சாப்பிடும் முன் சவர்க்காரத்தால் கை கழுவுதல், பயிற்சி உடையைத் தனியாகத் துவைத்தல். துப்பாக்கியைத் துடைக்கும்போது கையுறை அணிய வேண்டும். சமையல் மேசை அதற்கு இடமல்ல. சிந்திய தூளைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெருக்கினால் அது மீண்டும் காற்றில் கலந்துவிடும்.