பாட்டியின் கட்டில் எண்ணும் அண்ணனின் கடனும்

சென்ற ஆண்டு என் பாட்டி மருத்துவமனையில் காலமானார். காரியம் முடிந்த அன்று மாலை மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “பாட்டி படுத்திருந்த கட்டில் நம்பர் என்னம்மா?”

வார்டு எண்ணையும் கட்டில் எண்ணையும் சேர்த்து நான்கு இலக்கம் ஆக்கி, பத்து வெள்ளிக்கு வாங்கினார். எண் விழவில்லை. அதை யாரும் சூதாட்டமாக நினைக்கவில்லை. நானும்தான்.

சிங்கப்பூரில் நம்மில் பலருக்கு ‘நாலு நம்பர்’ அப்படித்தான் பழகிப்போயிருக்கிறது. விபத்துக்குள்ளான காரின் எண், புதிதாகக் குடிபோன புளோக்கின் எண், கனவில் வந்த எண் என எதையும் விடுவதில்லை. சட்டவிரோதச் சூதாட்டத்துக்கு மாற்றாக 1968ல் தொடங்கப்பட்டது சிங்கப்பூர் பூல்ஸ். இன்று அதன் கடைக்கு வெளியே நீளும் வரிசை நமக்குச் சாதாரணக் காட்சி.

எண்ணிக்கையும் அதையே சொல்கிறது. தேசிய சூதாட்டப் பிரச்சினை மன்றம் 2023ல் நடத்திய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 40 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகையில் சூதாடியிருந்தனர். 2020ல் அது 44 விழுக்காடு. சூதாட்டப் பிரச்சினை இருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர். நூற்றில் ஒருவர்தானே என்று நானும் நினைத்தேன், அந்த ஒருவர் என் பெரியப்பா மகன் என்று தெரியும்வரை.

அண்ணனுக்கு வயது 24. நல்ல வேலை, சிரித்த முகம். ஒருநாள் மடிக்கணினி பழுது என்று 600 வெள்ளி கேட்டார். துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்திலிருந்து கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னொரு 400 வெள்ளி. மூன்றாவது முறை கேட்டபோது பெரியம்மாவின் சங்கிலி வீட்டில் இல்லை.

உரிமம் இல்லாத ஒரு தளத்தில் அவர் காற்பந்துப் பந்தயம் கட்டிவந்தார். நேரில் கேட்டேன்.

“அண்ணே, மொத்தம் எவ்வளவு?”

“கொஞ்சந்தான். விட்டதைப் பிடிச்சதும் நிறுத்திடுவேன்மா.”

சிக்கலே அந்த ‘விட்டதைப் பிடிக்கும்’ எண்ணம்தான். நேற்று தோற்றதால் இன்று வெல்லும் வாய்ப்பு கூடிவிடாது. நான்கு இலக்கத்தில் மூன்று சரியாக வந்தால் ‘நூலிழையில் போச்சே’ என்கிறோம். அதுவும் தோல்விதான். ஆனால், மனம் அதை வெற்றிக்கு அருகில் வந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது.

உண்மைக் கணக்கை ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். நாலு நம்பரில் மொத்தம் 10,000 எண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளி ‘பிக்’ கட்டினால் செலவு 10,000 வெள்ளி. முதல் மூன்று பரிசுகள் 2,000, 1,000, 490. அடுத்து பத்து எண்களுக்குத் தலா 250, இன்னும் பத்துக்குத் தலா 60. எல்லாப் பரிசும் நமக்கே விழுந்தாலும் கையில் வருவது 6,590 வெள்ளிதான். டோட்டோவில் ஒரு சீட்டு முதல் பரிசை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சத்தில் ஒன்று.

இணையத்தில் வரிசை இல்லை, கடை மூடும் நேரம் இல்லை, பார்ப்பவர்களும் இல்லை. சட்டப்படி இணையப் பந்தயத்துக்கு 21 வயதாக வேண்டும், அதுவும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டுமே. உரிமம் இல்லாத தளத்தில் ஆடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நம் வயதினர் சிலருக்கு இது தெரிவதே இல்லை.

பெரியப்பா, “வெளியே தெரிஞ்சா குடும்ப மானம் போயிடும்” என்று கடனை அடைத்துவிடத் துடித்தார். நானும் பெரியம்மாவும் 1800-6-668-668 என்ற உதவி எண்ணை அழைத்தோம். சூதாடுபவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, குடும்பத்தினரும் பேசலாம். கையில் மீண்டும் பணம் கொடுக்காமல், கடன்களை முதலில் பட்டியலிடுவது என்று அன்று முடிவெடுத்தோம். சூதாட்டக்கூடங்களுக்கும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்குக்கும் தடை கேட்டு ஒருவர் தாமாகவோ அவரது குடும்பத்தினரோ விண்ணப்பிக்க வழி இருப்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அண்ணன் முதலில் கோபப்பட்டார். இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. பிறகு பெரியம்மாவுக்காக ஆலோசகரைப் பார்க்கச் சம்மதித்தார். இப்போது அவர் சம்பளம் பெரியம்மாவின் கணக்குக்குப் போகிறது. இடையில் ஒருமுறை மீண்டும் பந்தயம் கட்டிவிட்டார். ஆனால் இம்முறை அவரே வந்து சொன்னார்.

என் 1,000 வெள்ளி இன்னும் திரும்பவில்லை. அதைவிட, இரண்டாவது முறை கேட்டபோதே “எதுக்குண்ணே?” என்று கேட்காமல் விட்டதுதான் உறுத்துகிறது. பாசத்தில் கொடுத்ததாக நினைத்தேன். அவர் ஆட்டத்தை இன்னொரு மாதம் நீட்டித்திருக்கிறேன்.

உங்கள் நண்பர் அடிக்கடி கடன் கேட்டால், காரணம் ஒவ்வொரு முறையும் மாறினால், பணப்பையைத் திறக்கும் முன் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

அண்மையில் ஒரு திருமண விருந்தில் மாமா மேசை எண்ணைக் குறித்துக்கொண்டார். எதிரே அண்ணன். மாமா ஒரு கணம் அவரைப் பார்த்தார், தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.